ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது... மலேயாத் தமிழர்களின் 'ரோனா' கப்பல் நடுக்கடலில் மூழ்கிய கதை!

நாகப்பட்டினம், காரைக்கால், தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், 'ரஜூலா' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கலாம். பெரியவருக்குத் தெரியும், அது கப்பல். "எங்க சித்தப்பா ரஜூலாவுலதான் பினாங்கு போனாரு", "அப்பா திரும்பி வந்தப்ப ரஜூலா ரெண்டு நாள் லேட்டு" என்று ஆரம்பித்து விடுவார்கள். 1926-ல் தண்ணீரில் இறங்கி 1970-கள் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருந்த கப்பல் அது. மூன்று தலைமுறைத் தமிழர்கள் அதில் போய் வந்திருக்கிறார்கள்.

அந்த ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயர் ரோனா. அதே கம்பெனி, அதே வருடம், அதே வழித்தடம். கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் ரோனாவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள்கூட உதட்டைப் பிதுக்குவார்கள். காரணம் எளிது. 1940-ல் யுத்தத்துக்குப் போன ரோனா திரும்பி வரவில்லை.

அது எங்கே போனது, என்ன ஆனது என்பதை அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உத்தரவே இருந்தது.

ஐயாயிரம் பேருக்கு ஒரு கப்பல்

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்பது அந்தக் காலத்தில் இந்தியப் பெருங்கடலையே வளைத்துப் போட்டிருந்த நிறுவனம். நம் ஊரில் சுருக்கமாக 'பி.ஐ. கம்பெனி'. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கும் கங்காணிகள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், மலேயாவுக்குப் போகும் கூட்டத்துக்காகவே இந்தக் கம்பெனி இரண்டு கப்பல்களைக் கட்டச் சொன்னது. ரஜூலா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தயாரானது. ரோனா இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஹாத்தோர்ன் லெஸ்லி என்ற கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. ரோனாவின் கொள்ளளவு 8,602 டன். நீளம் 460 அடிக்குக் கொஞ்சம் கூடுதல். நிலக்கரிக் காலத்து நீராவிக் கப்பல். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் வேகத்தில் நிதானமாகப் போகும்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கொஞ்சம் அறைகள் இருந்தன. அதிலெல்லாம் தோட்ட துரைகளும், அரசாங்க அதிகாரிகளும், வசதியான வியாபாரிகளும் போவார்கள். மற்றவர்கள் எல்லோரும் டெக் பயணிகள். ரஜூலாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. ஒரு பெரிய கிராமத்தையே தூக்கிக் கப்பலில் வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக் பயணம் எப்படி இருக்கும்? நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலையில் ஆடும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். மேலே போனதும் கையில் இருக்கும் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து இடம் பிடித்துவிட வேண்டும். அடுத்த ஒரு வாரத்துக்கு அதுதான் வீடு. அக்கம்பக்கத்தில் படுத்தவர்களே சொந்தக்காரர்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல். பினாங்கு போனதும் நேராக ஊருக்குள் விட மாட்டார்கள். தொற்றுநோய் பயத்தில் ஜெரஜா தீவில் இறக்கித் தங்கவைத்த பிறகுதான் விடுவார்கள். சிங்கப்பூர் என்றால் செயின்ட் ஜான்ஸ் தீவு. 'குவாரண்டைன்' என்ற வார்த்தை கொரோனா காலத்தில்தான் நமக்கு அறிமுகம் என்று நினைக்கிறோம். மலேயா போன நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

1938-ல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அதற்குப் பிறகும் கடைகளில் வேலை செய்பவர்கள், வட்டிக்கடைக்காரர்கள், விடுமுறைக்கு வந்து திரும்புபவர்கள் என்று போக்குவரத்து தொடர்ந்தது. அப்போதுதான் உலக யுத்தம் வந்தது.

பாய் விரித்த இடத்தில் ராணுவ வீரர்கள்

யுத்தம் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அதைவிடப் பெரிய தலைவலி ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவது. விமானத்தில் ஏற்ற முடியாது. அவ்வளவு விமானங்கள் அப்போது கிடையாது. லட்சக்கணக்கான சிப்பாய்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோக ஒரே வழி கப்பல். அதனால் பிரிட்டிஷ் அரசாங்கம் பயணிகள் கப்பல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. லண்டனிலிருந்து நியூயார்க் போய்வந்த சொகுசுக் கப்பல்களும் போயின. நம் டெக் கப்பல்களும் போயின. ரோனாவை 1940-ல் எடுத்துக்கொண்டார்கள். பெயருக்கு முன்னால் 'எச்.எம்.டி.' என்ற எழுத்துகள் சேர்ந்தன. மாட்சிமை தங்கிய மன்னரின் துருப்புக் கப்பல் என்று அர்த்தம்.

யோசித்துப் பார்த்தால் இந்த வேலைக்கு ரோனாவைப் போலப் பொருத்தமான கப்பல் கிடைப்பது கஷ்டம். சொகுசுக் கப்பலாக இருந்தால் அறைகளை இடித்து, மேஜை நாற்காலிகளை அகற்றி, கூட்டத்துக்கு இடம் செய்ய வேண்டும். ரோனா ஏற்கெனவே கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது. அகலமான திறந்த தளங்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் அடுப்படிகள், வரிசையாகக் கழிப்பறைகள் எல்லாம் தயாராக இருந்தன. தமிழர்கள் பாய் விரித்த இடத்தில் சிப்பாய்களுக்கு ஊஞ்சல் படுக்கை கட்டினால் போதும். மேலே சில துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடல் பக்கமே ஓடியது. 1943-ல் மத்தியதரைக் கடலுக்குப் போனது.

இதற்கிடையில் அதன் பழைய வழித்தடமே இல்லாமல் போயிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவுக்குள் புகுந்தது. பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. கப்பல் இல்லை, தபால் இல்லை, மணியார்டர் இல்லை. அங்கே போன கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலே தஞ்சைப் பக்கத்துப் பெண்கள் மூன்றரை வருடம் காத்திருந்தார்கள். அங்கிருந்த தமிழர்கள் பல ஆயிரம் பேரை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் திரும்பாதவர்கள் ஏராளம். அது தனிக் கதை.

ஓரான் துறைமுகத்தில் ஏறியவர்கள்

1943 நவம்பர் 25. அமெரிக்கர்களுக்கு அது 'தேங்க்ஸ்கிவிங்' நாள். நமக்குப் பொங்கல் போல, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். அன்றைக்கு ரோனா வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவில் ஓரான் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. உள்ளே சுமார் 2,000 அமெரிக்க வீரர்கள். இவர்களில் பலர் சண்டைக்காரர்கள் அல்லர். விமானத் தளம் அமைக்கும் பொறியியல் பிரிவு, தந்திக் கம்பி இழுக்கும் பிரிவு என்று தொழில் தெரிந்த இளைஞர்கள். பலருக்கு இருபது வயதுதான் இருக்கும்.

அவர்கள் போகவேண்டிய இடம் எது தெரியுமா? இந்தியா. பர்மாவை ஜப்பான் பிடித்துவிட்ட நிலையில், சீனாவுக்கு உதவி அனுப்ப இந்தியாவில் விமானத் தளங்கள் தேவைப்பட்டன. சூயஸ் கால்வாய் வழியாகப் பம்பாய் வருவது திட்டம். மாலுமிகளும் பெரும்பாலும் இந்தியர்கள்தான். ஆக, வீரர்களுக்கு அது முன்பின் தெரியாத நாட்டை நோக்கிய பயணம். மாலுமிகளுக்கு ஊர் திரும்பும் பயணம்.

தனியாகப் போகவில்லை. அந்தக் காலத்தில் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகத்தான் போகும். சுற்றிலும் போர்க்கப்பல்கள் காவல் வரும். 'கான்வாய்' என்பார்கள். ரோனா சேர்ந்த கான்வாயின் பெயர் கே.எம்.எஃப். 26. பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் ஓரானிலிருந்து கிளம்பிய கப்பல்கள் போய்ச் சேர்ந்துகொண்டன.

வானத்திலிருந்து ஓட்டப்பட்ட குண்டு

மறுநாள் நவம்பர் 26. மாலை நாலரை மணி வாக்கில், அல்ஜீரியக் கரையை ஒட்டி கான்வாய் போய்க்கொண்டிருந்தபோது ஜெர்மன் விமானங்கள் வந்தன. காவல் கப்பல்கள் சுட்டன. நேச நாட்டுப் போர் விமானங்கள் துரத்தின. முதல் அலையில் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று பலர் நினைத்திருக்கலாம்.

வந்த விமானங்கள் சிலவற்றில் சாதாரணக் குண்டு இல்லை. ஹென்ஷெல் 293 என்று பெயர். பார்க்கச் சின்ன விமானம் போலவே இருக்கும். இரண்டு இறக்கை, வால், வயிற்றுக்குக் கீழே ஒரு ராக்கெட். முன்பக்கத்தில் சுமார் 300 கிலோ வெடிமருந்து. விமானத்திலிருந்து விடுவித்ததும் ராக்கெட் சில விநாடிகள் எரிந்து வேகம் கொடுக்கும். பிறகு குண்டு தானாக மிதந்து இறங்கும். அதன் வாலில் ஒரு விளக்கு எரியும். விமானத்தில் இருப்பவர் அந்த விளக்கைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கையில் இருக்கும் சின்னப் பிடியை அசைத்து, ரேடியோ அலை மூலம் குண்டை இடம் வலம் திருப்புவார். இன்று பிள்ளைகள் ரிமோட் வைத்து ட்ரோன் ஓட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். இது 1943!

இந்த ஆயுதம் அப்போதுதான் களத்துக்கு வந்திருந்தது. மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனின் 'ஈக்ரெட்' என்ற போர்க்கப்பலை இதே குண்டுதான் மூழ்கடித்தது. ஒரு கப்பலை நோக்கி வரும் குண்டு தன் பாதையை மாற்றித் துரத்துகிறது என்பது அன்றைய மாலுமிகளுக்குப் பேய்க்கதை போல இருந்திருக்கும்.

ஹெய்ன்கல் 177 ரக விமானம் ஒன்றை ஹன்ஸ் டோக்டர்மன் என்பவர் ஓட்டி வந்தார். குண்டை இயக்கியவர் ஹன்ஸ் கியோர்க் சூட்டர். மாலை ஐந்தே கால் மணியைத் தாண்டியிருந்தது. சூட்டர் திருப்பிவிட்ட குண்டு ரோனாவின் இடப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே, இன்ஜின் அறைப் பக்கமாகப் புகுந்து உள்ளே வெடித்தது. வெடித்த வேகத்தில் எதிர்ப்பக்கச் சுவரும் பிய்த்துக்கொண்டு போனது.

அன்றைக்கு அந்த கான்வாயில் மூழ்கிய ஒரே கப்பல் ரோனா.

ஒன்றரை மணி நேரம்

குண்டு வெடித்த கணத்திலேயே கீழ்த்தளங்களில் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் இறந்துவிட்டார்கள். மின்சாரம் போனது. தீ பிடித்தது. இன்ஜின் அறை வெள்ளக்காடானது. கீழே இருந்தவர்கள் புகையிலும் இருட்டிலும் தடவித் தடவி மேலே வர வேண்டியிருந்தது. மாடிப்படிகள் சில இடங்களில் இல்லவே இல்லை.

கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. ஆறு படகுகள் வெடிப்பிலேயே நொறுங்கின. மீதியில் எட்டு மட்டுமே தண்ணீருக்கு இறங்கின. இறங்கியவற்றிலும் பல, ஆள் கூடிப்போய், அலை அடித்து, கவிழ்ந்தன. படகை இறக்கும் கயிறும் கப்பியும் பழகியவர் கைக்கு மட்டும்தான் ஒத்துழைக்கும். அந்தப் படகுகளில் பயிற்சி எடுக்காத இளைஞர்கள், எரியும் கப்பலில், இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் அதைச் செய்ய முயன்றார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நிலைகுலைய வைத்தது ஒரு சின்ன விஷயம். வீரர்களுக்குக் கொடுத்திருந்த மிதவை. இன்று நாம் படகுச் சவாரியில் போடும் லைஃப் ஜாக்கெட் போன்றது அல்ல அது. இடுப்பு பெல்ட் போல ஒரு ரப்பர் குழாய். ஒரு சின்ன வாயுக் குப்பியை அழுத்தினால் ஊதிக்கொள்ளும். அதை அக்குளுக்குக் கீழே, மார்பில் கட்ட வேண்டும். பலர் பெல்ட்தானே என்று இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். தண்ணீரில் விழுந்ததும் என்ன ஆகும்? மிதவை இடுப்பை மேலே தூக்கும். கனமான தலையும் தோளும் கீழே போகும். தலைகீழாகி, உயிர்காக்கக் கொடுத்த பொருளே அவர்களை மூழ்கடித்தது. சரியாகக் கட்டிக்கொள்ள ஐந்து நிமிடப் பாடம் போதும்.

நவம்பர் மாதக் கடல். குளிர்ந்த தண்ணீர், பனைமர உயரத்துக்கு இல்லையென்றாலும் ஓட்டு வீட்டு உயரத்துக்கு அலை. குதித்தவர்கள் அந்த அலைகளில் சிதறினார்கள். குண்டு விழுந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில், பின்பக்கம் முதலில் இறங்கி, ரோனா மூழ்கியது.

காப்பாற்ற வந்த கப்பல்களில் முக்கியமானது 'பயனியர்' என்ற அமெரிக்கக் கண்ணிவெடி அகற்றும் கப்பல். சின்னக் கப்பல்தான். கும்மிருட்டு. விமானங்கள் மறுபடி வரலாம். ஆனாலும் நின்று, கயிறும் வலையும் தொங்கவிட்டு, நள்ளிரவு வரை ஆட்களைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். கயிற்றைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாதவர்களுக்காக மாலுமிகள் தாங்களே தண்ணீரில் குதித்தார்கள். பக்கத்தில் வந்துவிட்ட சிலரை, அலையில் எழுந்து விழும் அந்தக் கப்பலே இடித்துக் கொன்றதும் நடந்தது. பயனியர் மட்டும் 606 பேரைக் காப்பாற்றியது. 'ஆதர்ஸ்டோன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும், 'கிளான் கேம்ப்பெல்' என்ற சரக்குக் கப்பலும், ஓர் இழுவைக் கப்பலும் இன்னும் பலரை மீட்டன.

இறந்தவர்கள் எத்தனை? பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 1,138. அதில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள். மீட்கப்பட்ட பிறகு காயத்தால் இறந்தவர்கள் தனி. டைட்டானிக்கில் போனது சுமார் 1,500 பேர். அதற்குப் படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் கதை தெரியும்.

"வாயைத் திறக்காதே"

பிழைத்தவர்களை அல்ஜீரியாவில் கரை சேர்த்ததும் அவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விஷயம், நடந்ததைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்பது. கடிதத்தில் எழுதக் கூடாது. மீறினால் ராணுவ விசாரணை. ரிமோட் குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஜெர்மனிக்குத் தெரிந்துவிடக் கூடாது, நம் வீரர்களுக்கும் பயம் பிடித்துவிடக் கூடாது என்பது காரணம்.

ஊரில் இருந்த குடும்பங்களுக்குத் தந்தி போனது. மகனைக் காணவில்லை என்று. எங்கே, எப்படி என்று இல்லை. 1944 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் 'ஐரோப்பியக் கடல் பகுதியில் ஒரு துருப்புக் கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்' என்று பொதுவாக அறிவித்தது. கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. நீர்மூழ்கி அடித்திருக்கும் என்பது போல ஒரு தொனி. யுத்தம் முடியும் கட்டத்தில், 1945-ல், விமானத் தாக்குதல் என்றும் சரியான எண்ணிக்கையையும் சொன்னார்கள். வழி செலுத்தப்பட்ட குண்டு என்ற விவரம் வெளியே வர 1967 ஆனது. தகவல் அறியும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்த வருடம் அது.

யுத்த காலத்தில் ரகசியம் புரிகிறது. யுத்தம் முடிந்து இருபது வருடம் கழித்து யாருக்காக ரகசியம்? அந்தத் தாய்மார்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பிழைத்தவர்களும் பேசவில்லை. உத்தரவு ஒரு பக்கம். பேசினாலும் யாரும் நம்பவில்லை என்பது இன்னொரு பக்கம். 1990-களில்தான் அணை உடைந்தது. வயதாகிவிட்ட வீரர்களும், இறந்தவர்களின் தம்பி தங்கைகளும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். கார்ல்டன் ஜாக்சன் என்ற வரலாற்றாசிரியர் 1997-ல் ஒரு புத்தகம் எழுதினார். ரோனாவில் அண்ணனை இழந்த ஜேம்ஸ் பென்னட் இன்னொன்று எழுதினார். அலபாமா மாநிலத்தில் 1996-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இறந்தவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் போட்டது. எதிரித் தாக்குதலில் நடுக்கடலில் ஒரே சம்பவத்தில் அமெரிக்க ராணுவம் இழந்த அதிகபட்ச உயிர்கள் இவைதான் என்பது அப்போதுதான் பல அமெரிக்கர்களுக்கே தெரிந்தது.

மற்ற நூற்றுச் சொச்சம் பேர்

இப்போது அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 1,138-ல் 1,015-ஐக் கழித்தால் மீதி 123. அவர்கள் யார்?

கப்பலை ஓட்டியவர்கள். அதிகாரிகள் ஐந்து பேர். ஏறக்குறைய மற்ற எல்லோரும் மாலுமிகள். அவர்களை அந்தக் காலத்தில் 'லஸ்கர்' என்பார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்திய லஸ்கர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆள் எடுப்பார்கள். கொங்கணக் கரை, குஜராத், கோவா, இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் என்று பல ஊர்க்காரர்கள். நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் அறையில் நின்று கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவதும், தளத்தைக் கழுவுவதும், சமைப்பதும், கயிறு இழுப்பதும் அவர்கள்தான். 'செராங்' சொன்னால் வேலை நடக்கும்.

சம்பளம்? அதே வேலை பார்த்த வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்கு. படுக்கும் இடத்திலும் பேதம். பிரிட்டிஷ் மாலுமியைவிட லஸ்கருக்குக் குறைவான இடம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். யுத்தம் தொடங்கிய 1939-ல் லண்டன் உள்ளிட்ட பல துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபாயகரமான கடலுக்குப் போகிறோம், அதற்கேற்ற கூலி கொடு என்றார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் கூலி கொஞ்சம் ஏறியது.

ரோனாவிலிருந்து பிழைத்த அமெரிக்கர்கள் சிலரின் நினைவுகளில் இந்த மாலுமிகள் மீது கடும் கோபம் இருக்கிறது. படகுகளை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்களுக்கு உதவவில்லை என்று. படகுகளும் கப்பிகளும் துருப்பிடித்துக் கிடந்தன என்றும் சொல்கிறார்கள். மரணத்தை நேரில் பார்த்தவர்களின் கோபத்தை நாம் தள்ளிவிட முடியாது. சிலர் அப்படி ஓடியும் இருக்கலாம். நெருப்பும் இருட்டும் சூழ்ந்த கப்பலில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் எண்ணிக்கை வேறொன்றையும் சொல்கிறது. வீரர்கள் சுமார் 2,000 பேரில் 1,015 பேர் இறந்தார்கள். பாதிக்குப் பாதி. மாலுமிகள் 195 பேரில் 117 பேர் இறந்தார்கள். பத்துக்கு ஆறு! படகு எல்லாம் அவர்கள் கையில் போயிருந்தால் கணக்கு இப்படி வராது. குண்டு விழுந்தது இன்ஜின் அறைப் பக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நேரத்தில் கீழே கரி அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு மாடிப்படி வரை வரக்கூட நேரம் கிடைத்திருக்காது.

அமெரிக்கக் குடும்பங்களுக்குக் குறைந்தபட்சம் கேட்கத் தெரிந்தது. காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினார்கள், ஆவணம் கேட்டார்கள், புத்தகம் போட்டார்கள். சில்ஹெட்டிலோ ரத்னகிரியிலோ இருந்த ஒரு லஸ்கரின் மனைவி யாரிடம் போய்க் கேட்பாள்? 1947-ல் நாடும் இரண்டாகிவிட்டது. கம்பெனி ஆபீஸ் ஒரு நாட்டில், அவள் வீடு இன்னொரு நாட்டில்.

ரஜூலா திரும்பி வந்தது

ரஜூலாவும் யுத்தத்தில் துருப்புகளை ஏற்றியதுதான். அதற்கு ஆயுள் கெட்டி. யுத்தம் முடிந்ததும் மறுபடி சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஓட்டத்துக்கு வந்தது. மூன்றரை வருடம் செய்தியே இல்லாமல் இருந்த குடும்பங்கள், கரையில் நின்று அந்தக் கப்பலைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்! அதனால்தான் அந்தப் பெயர் நம் ஊர்ப் பெரியவர்கள் மனதில் அப்படி ஒட்டிக்கொண்டது. 1973-ல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ரஜூலாவை வாங்கி 'ரங்கட்' என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே உடைக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வழியில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீப்பிடித்ததோடு சென்னை - சிங்கப்பூர் பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது.

ரோனா அல்ஜீரியக் கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. உடல் கிடைக்காத அமெரிக்க வீரர்களின் பெயர்கள் டுனீசியாவில் உள்ள அமெரிக்க ராணுவக் கல்லறை வளாகத்தின் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. லஸ்கர்களுக்கும் ஓர் இடம் உண்டு. மும்பை மஸ்ஜித் பந்தர் பகுதியில், துறைமுகத்தை ஒட்டி, இந்திய மாலுமிகள் இல்லம் என்று ஒரு பழைய கட்டடம். இரண்டாம் உலக யுத்தத்தில் கடலோடு போன, புதைக்க உடல்கூடக் கிடைக்காத, பிரிக்கப்படாத இந்தியாவின் மாலுமிகள் சுமார் 6,000 பேரின் பெயர்கள் அங்கே ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. இன்னொரு பிரதி வங்கதேசத்தின் சிட்டகாங்கில். ரோனாவின் மாலுமிகளை அங்கேதான் தேட வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களைத் தேடும் வசதி இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். உங்கள் குடும்பத்தில் கப்பல் வேலைக்குப் போய், யுத்தத்தோடு காணாமல் போன பெரியவர் யாராவது இருந்தால், அந்தப் பெயரையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை அவை. ஒரே பெயரை இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.